மே ஹாங் சோன் மலைச்சுற்று: வட தாய்லாந்தில் பைக் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

தாய்லாந்தின் வடக்கிலுள்ள சியாங் மாய் நகரில் புறப்பட்டு, பர்மா எல்லையை ஒட்டிய மலைகளைச் சுற்றிக்கொண்டு அதே நகருக்குத் திரும்பும் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் பாதைக்கு மே ஹாங் சோன் சுற்று என்று பெயர். அதில் 1,864 வளைவுகள் இருப்பதாக மே ஹாங் சோன் மாகாணத்தார் கணக்குச் சொல்கிறார்கள். முதன்முதலாக வெளிநாட்டில் பைக் ஓட்ட விரும்பும் தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான பாதை வேறு இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. அங்கும் வண்டிகள் இடப்பக்கமே ஓடுகின்றன, மலைச்சாலைகள் பெரும்பாலும் நல்ல தார்ச்சாலைகள், வாடகை வண்டி எளிதில் கிடைக்கிறது, நம் நாட்டு உரிமத்தின் பேரில் பெறும் பன்னாட்டு அனுமதியும் அங்கே செல்லும். ஆனால் இத்தனை வசதிகள் இருப்பதாலேயே பலர் விமானச் சீட்டையும் விடுதியையும் முதலில் பதிவுசெய்துவிட்டு, உரிமத்தையும் காப்பீட்டையும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எந்த மாதம், எந்த ஆவணம், எந்தக் காப்பீடு என்ற மூன்றும் முடிவான பிறகே நாள் கணக்குக்கும் வண்டிக்கும் வர வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி முற்பகுதி வரையான குளிர்காலமே இந்தப் பயணத்துக்கு ஏற்றது. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மலைகள் பச்சைப் பசேலென்று இருக்கும், அறை வாடகையும் குறையும், ஆனால் சாலையில் மண் சரிவதும் வளைவுகளில் சேறும் சரளையும் வழிந்து கிடப்பதும் அப்போது வழக்கம். பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை வயல் தாள்களும் காட்டுச் சருகுகளும் எரிக்கப்படுவதால் பள்ளத்தாக்குகள் முழுவதும் புகை தேங்குகிறது. எதிர்மலை கண்ணுக்குத் தெரியாது, நாள் முழுவதும் திறந்த வெளியில் வண்டி ஓட்டுபவரின் நுரையீரலுக்கும் அது கேடு. ஏப்ரல் 13 முதல் 15 வரை நடக்கும் சொங்கிரான் புத்தாண்டு நாட்களில் சாலையோரம் நின்று தண்ணீர் வீசுவார்கள், குடித்துவிட்டு ஓட்டுபவர்களும் மிகுந்திருப்பார்கள். அந்த வாரத்தில் இருசக்கர வண்டியைத் தொடாமலிருப்பதே நல்லது. டிசம்பர் கடைசி வாரத்தில் தாய்லாந்து மக்களே குளிரை அனுபவிக்க இந்த மலைகளுக்குத் திரண்டு வருவதால் அறைகள் கிடைக்காது. எனவே நவம்பரின் இரண்டாம் பாதியோ ஜனவரியோ முதல் தெரிவாக இருக்கட்டும். நவம்பரில் சென்றால் குன் யுவாம் அருகே தோய் மே ஊ கோ மலைச்சரிவு முழுவதும் மஞ்சள் நிறக் காட்டுச் சூரியகாந்தி பூத்திருப்பதையும் காணலாம்.

அடுத்தது உரிமம். இந்தியாவில் வழங்கப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ வழியாகப் பெறலாம். பரிவாகன் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், செல்லுபடிக் காலம் அதிகபட்சம் ஓர் ஆண்டு. இந்தியாவும் தாய்லாந்தும் 1949ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் சேர்ந்தவை என்பதால் இந்த அனுமதி அங்கே ஏற்கப்படுகிறது. இலங்கை வாசகர்கள் இதைக் கொழும்பிலுள்ள ஆட்டோமொபைல் சங்கத்தில் பெறுகிறார்கள். உங்கள் மூல உரிமத்தில் கியருள்ள இருசக்கர வண்டி ஓட்டும் தகுதி பதிவாகியிருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். கார் ஓட்டும் தகுதி மட்டும் இருந்தால் பன்னாட்டு அனுமதியிலும் அது மட்டுமே குறிக்கப்படும். வாடகைக் கடைக்காரர் கேட்காமல் வண்டியைக் கொடுத்துவிடுவார், ஆனால் காவல் சோதனைச் சாவடியிலும் விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்திடமும் அந்தக் குறை வெளிப்படும். பன்னாட்டு அனுமதி தனியாகச் செல்லாது என்பதால் மூல உரிமத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் புறப்படும் மாதத்தில் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே முதல் வெளிநாட்டுப் பயணிகள் அனைவரும் வந்திறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மலையில் விழுந்து எலும்பு முறிந்தவருக்கு இரண்டு மாதச் சம்பளம் போவதா பத்து ஆண்டுச் சேமிப்பு போவதா என்பதை இந்த ஒன்றே தீர்மானிக்கிறது. தாய்லாந்துச் சட்டப்படி ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கட்டாயக் காப்பீடு உண்டு. வாடகைக் கடைக்காரர் ‘இன்சூரன்ஸ் இருக்கிறது’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அது உடற்காயங்களுக்கு ஒரு வரம்பு வரை மட்டுமே பணம் தரும். நீங்கள் ஓட்டும் வண்டிக்கோ மோதிய காருக்கோ எதுவும் தராது. ஆகவே உங்கள் மருத்துவச் செலவுக்குப் பயணக் காப்பீட்டையே நம்ப வேண்டியிருக்கிறது. அதிலும் பல பாலிசிகள் பைக் ஓட்டுவதை முழுமையாக விலக்கிவைக்கின்றன, அல்லது ஒரு குறிப்பிட்ட சிசி வரை மட்டும் ஏற்கின்றன, அல்லது அதைச் சாகச விளையாட்டாகக் கருதிக் கூடுதல் பிரீமியம் கேட்கின்றன. முகவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், ‘வாடகைக்கு எடுத்த இன்ன சிசி வண்டியை நானே ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் மருத்துவச் செலவு கிடைக்குமா, பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் கிடைக்குமா, நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவு இதில் அடங்குமா’ என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தகுந்த உரிமம் இல்லாமலோ ஹெல்மெட் இல்லாமலோ மது அருந்தியோ ஓட்டினால் எந்தப் பாலிசியும் துணைவராது. சாதகமான பதில் வராவிட்டால் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள்; எங்குமே வராவிட்டால் அந்தப் பயணத்தைக் காரிலோ பேருந்திலோ செய்யுங்கள் என்றே சொல்வேன்.

நாட்களைக் கணக்கிடும்போது கிலோமீட்டரைப் பார்க்காமல் மணி நேரத்தைப் பாருங்கள். சமவெளி நெடுஞ்சாலையில் ஒரே நாளில் 400 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள் இந்தச் சுற்றை மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பார்கள். ஆனால் இங்கே ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு தொடங்குகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரி கிடைத்தாலே நல்ல வேகம். கவனம் சிதறாமல் ஒருவர் ஒரு நாளில் ஓட்டக்கூடியது ஐந்து மணி நேரம், அதற்கு மேல் கையும் கண்ணும் தளர்ந்துவிடும். குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதாலும், விளக்கில்லாத மலைச்சாலையில் எருமைகளும் நாய்களும் குறுக்கே வருவதாலும் நான்கு மணிக்குள் விடுதியை அடையும்படி திட்டமிடுங்கள். காலையில் பள்ளத்தாக்குகளில் பனிமூட்டம் அடர்ந்து கிடக்கும். அது விலக எட்டரை, ஒன்பது மணி ஆகும். ஆக, ஒரு நாளில் உண்மையாக உங்கள் கையில் இருப்பது ஏழு மணி நேரம்தான். அதிலும் இரண்டு மணி நேரம் நின்று பார்க்கவும் சாப்பிடவும் போய்விடும், போகவும் வேண்டும்.

பெரும்பாலானவர்கள் சியாங் மாயிலிருந்து நேரே 1095ஆம் எண் சாலையில் பாய் ஊருக்கு ஏறி, சுற்றை இடமாக வருகிறார்கள். நான் அதற்கு நேர்மாறாக வலமாக வரச் சொல்வேன். சியாங் மாய்க்கும் பாய்க்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் மட்டும் 762 வளைவுகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய மினி வேன்கள் விரைந்து வரும் சாலையும் அதுவே. அறிமுகமில்லாத வண்டியில் முதல் நாளே அதை எதிர்கொள்வதைவிட, தெற்கே 108ஆம் எண் சாலையில் தொடங்கி, கை பழகியபின் அங்கே வந்து சேர்வது நல்லது.

முதல் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு, நகரை ஒட்டிய தோய் சுதேப் மலைக்கோயில் வரை ஏறி இறங்குங்கள். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கைக்குப் பிடிபட அந்த மலை போதும். இரண்டாம் நாள் ஹாட் வழியாக மே சாரியாங் வரை சுமார் 190 கிலோமீட்டர். தொடக்கத்தில் சமவெளி, ஹாட்டுக்கு அப்பால் மலை, இடையில் ஓப் லுவாங் என்ற ஆழமான பாறைப் பள்ளத்தாக்கு. மூன்றாம் நாள் குன் யுவாம் வழியாக மே ஹாங் சோன் நகருக்குச் சுமார் 165 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பர்மாவிலிருந்து பின்வாங்கிய ஜப்பானியப் படைகள் கடந்துசென்ற ஊர் குன் யுவாம். அவர்கள் விட்டுச்சென்ற பொருட்களைக் காட்டும் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். நான்காம் நாளைக் கட்டாய ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டாமல் இருக்க முடியாதென்றால், யுன்னானிலிருந்து வந்த சீனப் படைவீரர்களின் வழிவந்தோர் தேயிலை பயிரிட்டு வாழும் பான் ராக் தாய் கிராமத்துக்குப் போய்வரலாம். ஐந்தாம் நாள் பாங் மாபா வரை மட்டும். 65 கிலோமீட்டர் மட்டுமே என்பதால், ஆறு உள்ளே புகுந்தோடும் தாம் லோட் குகையை மூங்கில் தெப்பத்தில் சென்று நிதானமாகப் பார்க்கலாம். ஆறாம் நாள் பாய், ஏழாம் நாள் சியாங் மாய். நாட்டின் உயர்ந்த சிகரமான 2,565 மீட்டர் தோய் இந்தானோனைச் சேர்க்க விரும்பினால் இன்னொரு நாள் கூட்டிக்கொண்டு, சோம் தோங்கில் திரும்பி மலையேறி, மே சேம் வழியாக மறுபக்கம் இறங்கி 108இல் சேரலாம். அந்த இறக்கம் மிகச் செங்குத்தானது. ஸ்கூட்டரில் இருவராகச் செல்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் இந்த இறக்கங்களே முடிவு சொல்கின்றன. வாடகைக்கு எளிதில் கிடைக்கும் 125 சிசி ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில், இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் வழி இல்லை. முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுவதால், நெடுநேரம் பிடித்துக்கொண்டே இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிமானம் தளர்கிறது. தனியாகச் செல்பவருக்குக் கிளட்ச் லீவர் இல்லாமல் காலால் கியர் மாற்றும் ஹோண்டா வேவ் போன்ற சிறு வண்டி இதைவிடப் பாதுகாப்பானது. இருவர் மூட்டையோடு செல்வதானால் 300 முதல் 500 சிசி வரையுள்ள வண்டி வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் வாடகை கூடுமே தவிர இந்த வளைவுகளில் பயனில்லை.

கடையில் பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பணப் பிணையும் பாஸ்போர்ட் நகலும் ஏற்கும் கடைகள் சியாங் மாயில் போதுமான அளவு உள்ளன. டயரின் தேய்மானம், இரண்டு பிரேக்குகள், விளக்குகள், ஹாரன், செயின் ஆகியவற்றைச் சோதித்து, ஏற்கெனவே உள்ள கீறல்கள் அனைத்தையும் கடைக்காரர் முன்னிலையிலேயே வீடியோ எடுத்துவிடுங்கள். பதிவுப் புத்தகத்தின் நகலும் கட்டாயக் காப்பீட்டின் நகலும் வண்டியில் இருக்க வேண்டும். கடையில் தரும் ஹெல்மெட் பெரும்பாலும் முகம் மூடாத மெல்லிய வகையாக இருக்கும் என்பதால், உங்கள் முழுமுக ஹெல்மெட்டை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். கையுறையும் கணுக்காலை மூடும் காலணியும் காற்றைத் தடுக்கும் மேல்சட்டையும் அவசியம். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் பாய்ப் பக்கம் 10 டிகிரிக்கு அருகே வெப்பநிலை இறங்கும். ஓடும் வண்டியில் அது இன்னும் கடுமையாக உறைக்கும், விறைத்த விரல்களால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது.

சாலையில் கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் செல்லுங்கள். எதிரே வருபவர் வளைவைக் குறுக்கே வெட்டி உங்கள் பாதிக்குள் வருவார் என்று எதிர்பார்த்து, நடுக்கோட்டை விட்டு விலகியே ஓட்டுங்கள். பின்னால் வேன் நெருங்கினால் ஓரமாக ஒதுங்கி அதை அனுப்பிவிடுங்கள். பாதித் தொட்டி குறைந்ததுமே பெட்ரோல் நிரப்புங்கள். பங்கில் கேசஹால் (எத்தனால் கலந்த பெட்ரோல்) 91 அல்லது 95 என்று கேட்டால் போதும். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட் (தாய்லாந்து நாணயம்) தொகைக்கு மேல் கட்டணம் பிடிப்பதால் சியாங் மாயிலேயே போதிய பணம் எடுத்துவிடுங்கள். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கிவையுங்கள். மலைகளுக்கு இடையே சிக்னல் அடிக்கடி போய்விடும். சைவம் உண்பவர்கள் ‘ஜே’ என்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் காய்கறி உணவிலும் மீன் சாறு சேர்ந்திருக்கும். அவசர மருத்துவ உதவிக்கு 1669, சுற்றுலாக் காவலுக்கு 1155. இவற்றோடு காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணையும் உங்கள் இரத்தப் பிரிவையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், ஏனெனில் விழும்போது கைப்பேசியும் உடையக்கூடும்.

திரும்பும் விமானத்துக்கும் வண்டியை ஒப்படைப்பதற்கும் இடையே ஒரு முழு நாள் விடுங்கள். மழையோ மண்சரிவோ வழியை மறித்தால், அந்த ஒரு நாள் இருப்பதனால்தான் பாயிலேயே இன்னோர் இரவு தங்கிவிட்டு அவசரமின்றி இறங்க முடியும். எதுவும் மறிக்காவிட்டால், வண்டியைக் கழுவி, பெட்ரோல் நிரப்பி, பகல் வெளிச்சத்தில் கடைக்குக் கொண்டுபோய், முதல் நாள் எடுத்த வீடியோவை வைத்து ஒப்பிட்டுக் காட்டிப் பிணைப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.