கேரட் கழிவிலிருந்து ஹைட்ரஜன்: உதகைக் குளிரில் செய்யும் முறை

கேத்தி, கோத்தகிரிப் பக்கங்களில் கேரட்டைக் கழுவித் தரம் பிரிக்கும்போது, ஒடிந்ததும் வெடித்ததுமாக ஒதுக்கப்படும் கிழங்குகளில் சர்க்கரை மிகுந்திருப்பதால், ஹைட்ரஜன் எடுக்க மலைக் காய்கறிகளில் அதையே முதலில் தேர்ந்தெடுப்பேன். உருளைக்கிழங்கும் உதவும். முட்டைக்கோஸ் இலை சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயு கலந்துவிடும். பூண்டு, சர்க்கரையை நொதிக்கவைத்து ஹைட்ரஜன் தரும் பாக்டீரியாவையே முடக்கும்.

சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளியேறும் கரைசலில், நமக்குத் தேவையான கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவுடன், ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனாக்கும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. கரைசலைக் கொதிக்கவைத்தால் பின்னவை மடியும். கிளாஸ்ட்ரிடியம் வித்துகளாக உறங்கித் தப்பிக்கும். சமவெளியில் இதற்கு அரை மணி நேரம் போதும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், ஒரு மணி நேரம் விடுவது நல்லது.

ஒரு கிலோ கேரட்டை அரைத்து, இரண்டரை லிட்டர் தண்ணீரும் ஆறிய கரைசலில் அரை லிட்டரும் சேர்த்து, ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் ஊற்றிக் காற்றுப்புகாமல் மூட வேண்டும். மூடியிலிருந்து வரும் குழாயை முதலில் சுண்ணாம்புப் பாலுக்குள்ளும், அங்கிருந்து தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த பாட்டிலுக்குள்ளும் செலுத்தினால், கரியமில வாயுவின் பெரும்பகுதி சுண்ணாம்பில் தங்கிவிடும். கேன் 35 முதல் 37 டிகிரியில் இருக்க வேண்டும். இரவுக் குளிரில் தெர்மோகோல் பெட்டியும் வெந்நீரும் இல்லாமல் இது நடக்காது.

ஓரிரு நாளில் குமிழிகள் வரிசையாக ஏறும். திரவத்தில் கெட்டுப்போன நெய்யின் வாடை வீசும். அது பியூட்டிரிக் அமிலம், நொதித்தல் சரியாக நடப்பதன் அடையாளம். அமிலம் கூடி, புளிப்பு ஏற ஏறக் குறையும் அளவான பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா சோர்ந்துவிடும் என்பதால், சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி 5.5 அளவில் நிறுத்த வேண்டும்.

காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும். குளிருக்காகக் கதவடைத்துக் கரி அடுப்பு மூட்டிய அறையில் கேனை வைக்கவே கூடாது. திறந்த கொட்டகையே ஏற்ற இடம். முதலில் வரும் வாயுவில் கேனிலிருந்த காற்றும் கலந்திருக்கும். அதை வெளியே விட்டுவிட வேண்டும்.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து அதிகபட்சம் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிடைக்கலாம். நடைமுறையில் இரண்டு கிடைத்தாலே நல்லது. அப்படிப் பார்த்தால், ஒரு கிலோ கேரட் தரும் ஹைட்ரஜன் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவுதான். சர்க்கரையின் ஆற்றலில் பெரும்பகுதி எஞ்சிய அமிலத் திரவத்திலேயே இருப்பதால், அதைக் கொட்டிவிடாமல் சாண எரிவாயுக் கலனுக்கு ஊட்டி மீத்தேனாக மாற்ற வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் ஊற்றினால் கலன் புளித்து வாயு நின்றுவிடும். சாணக் கரைசலோடு கலந்து, நாளுக்குச் சிறிதாக ஊற்ற வேண்டும்.