ஐரோப்பா பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பதினாறு வருடமாக வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்கள் ஐரோப்பிய அரசியல் பற்றி எழுதிக் கொண்டுவரும்போது, ஒருகாலத்தில் நான் செய்த தவறுகளே மேஜைக்கு வருகின்றன. பெயர் உச்சரிப்பு, தலைநகரை மாற்றிப் போடுவது எல்லாம் மெய்ப்பில் பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். படிப்பவர் நம்பி முடிவெடுக்கக்கூடிய விஷயங்களைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஷெங்கன் வேறு, சுதந்திர நடமாட்டம் வேறு

இவை இரண்டையும் ஒன்றாக்கும் இந்த ஒரு தவறை இன்னமும் என்னால் பொறுக்க முடிவதில்லை. 2017-இல் நான் எழுதிய கட்டுரையில், "ஒரு நாட்டில் அனுமதி கிடைத்துவிட்டால் மற்ற நாடுகளிலும் போய் வேலை பார்க்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. சில மாதம் கழித்து திருச்சியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். அவர் மகளுக்கு ஜெர்மனியில் வேலை. நெதர்லாந்தில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். என் கட்டுரையை அப்பா அனுப்பிவைக்க, அந்தப் பெண்ணும் சரி என்று இருந்த வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சேரப்போன இடத்தில் அவருடைய ஜெர்மன் குடியிருப்பு அனுமதி அட்டையைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அட்டையின் படத்தைப் பெரியவர் எனக்கு அனுப்பினார். புகைப்படம், பெயர், முடியும் தேதி, வேலை செய்யலாம் என்று ஜெர்மன் மொழியில் பொடி எழுத்தில் ஒரு வரி. அந்த வரி செல்லுபடியாவது ஜெர்மனிக்குள் மட்டும். நாங்கள் திருத்தம் வெளியிட்டோம், ஆனால் போன வேலை அதனால் திரும்பவில்லை. "நீங்க எழுதினா சரியா இருக்கும்னு நினைச்சோம் சார்" என்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

ஷெங்கன் என்பது நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்குவது பற்றியது. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே, மொசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்று அதில் 29 நாடுகள். சுதந்திர நடமாட்டம் என்பது இன்னொரு நாட்டுக்குப் போய்க் குடியிருந்து வேலை பார்க்கும் உரிமை. அதன் வேர் 1957 ரோம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்கும் அவர்களோடு போகும் குடும்பத்தாருக்கும் உரியது. இந்தியப் பாஸ்போர்ட்டும் ஜெர்மன் அட்டையும் வைத்திருப்பவர் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் சுற்றி வரலாம். வேலைக்கு அந்தந்த நாட்டு அனுமதி தனியாக வேண்டும். புளூ கார்டு (உயர்தகுதி வேலைக்கு வரும் வெளிநாட்டினருக்கான ஒன்றிய அனுமதி) இருந்தால் வழி கொஞ்சம் சுலபம், ஆனாலும் விண்ணப்பித்தே ஆகவேண்டும்.

குழப்பம் வந்தால் அயர்லாந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றியத்தில் இருக்கிறது, சுதந்திர நடமாட்டம் உண்டு, ஷெங்கனில் கிடையாது. பிரிட்டனும் அப்படித்தான் இருந்தது. ஆகவே "ஷெங்கனிலிருந்து பிரிட்டன் வெளியேறியது" என்ற வாக்கியமே தப்பு. சுவிட்சர்லாந்து இதற்கு நேர்மாறு: ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது, நடமாட்டத்துக்குத் தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அதை முறிக்கலாமா என்று 2020 செப்டம்பர் 27 அன்று வாக்கெடுப்பு நடந்தபோது, சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி எல்லாத் தரைவழி எல்லைகளிலும் சோதனை தொடங்கியது. அன்று ஒரு தம்பி "சுதந்திர நடமாட்டம் முடிந்தது" என்று தலைப்பு வைத்தார். எல்லை தாண்டி பெர்லினுக்கு வேலைக்குப் போகும் போலந்துக்காரரின் உரிமை அன்றும் அப்படியேதான் இருந்தது. எல்லையில் அடையாள அட்டையைக் காட்டவேண்டி வரலாம், அவ்வளவுதான்.

நிபந்தனையே இல்லை என்று எழுதுவது

சுதந்திர நடமாட்டத்துக்கும் நிபந்தனை உண்டு. ஒன்றியக் குடிமக்கள் இன்னொரு உறுப்பு நாட்டில் மூன்று மாதத்துக்கு மேல் தங்க வேண்டுமானால் வேலை இருக்க வேண்டும், இல்லையென்றால் போதிய வருமானமும் மருத்துவக் காப்பீடும் வேண்டும். வேலை தேடுபவர்களுக்கும் மாணவர்களுக்கும் தனி விதிகள் உண்டு. ஐந்து வருடம் முடிந்தால் நிரந்தரமாக இருக்கும் உரிமை வரும். அப்புறம், 2004-இல் கிழக்கு, மத்திய ஐரோப்பாவிலிருந்து எட்டு நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அவர்களின் தொழிலாளர்களுக்கு 2011 வரை கட்டுப்பாடு வைத்திருந்தன. பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றும்தான் உடனே திறந்துவிட்டன. இதைச் சொல்லாமல் 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பை விளக்கப் போனால் பாதிக் கதை விட்டுப்போகும்.

"ஐரோப்பியக் குடியுரிமை வாங்கினார்"

அப்படித் தனியாக யாரும் வாங்க முடியாது. ஒரு உறுப்பு நாட்டின் குடியுரிமை கிடைத்தால் அதோடு சேர்ந்து வருவது அது. மால்டா தன் குடியுரிமையைப் பணத்துக்குக் கொடுத்துவந்தது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரல் 29 அன்று ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சொந்த நாட்டில் இருப்பவரை மறப்பது

ஜெர்மனியில் வாழும் பிரெஞ்சுப் பெண்ணின் இந்தியக் கணவருக்கு ஒன்றியச் சட்டம் பொருந்தும். பக்கத்து வீட்டு ஜெர்மன் பெண்ணின் இந்தியக் கணவருக்குப் பொதுவாக ஜெர்மன் சட்டம்தான். ஆனால் அந்த ஜெர்மன் பெண் வேறொரு உறுப்பு நாட்டில் வேலை பார்த்துவிட்டுக் கணவரோடு ஊர் திரும்பினால் கணக்கு மாறும், ஒன்றியச் சட்டம் பொருந்தும். அதை நிலைநாட்டியது இந்தியரான சுரிந்தர் சிங்கின் வழக்கு. பிரிட்டிஷ் மனைவியோடு ஜெர்மனியில் வேலை செய்துவிட்டு இருவரும் பிரிட்டன் திரும்பியிருந்தார்கள். 1992-இல் தீர்ப்பு வந்தது.

அகதியும் தொழிலாளியும்

புகலிடம் கேட்டு வந்த சிரியரையும் வேலைக்கு வந்த ருமேனியரையும் ஒரே வாக்கியத்தில் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள். முதலாமவர் கேட்பது புகலிடம், இரண்டாமவர் உறுப்பு நாட்டுக் குடிமகனாகச் சுதந்திர நடமாட்ட உரிமையில் வந்தவர்.

ஸ்ட்ராஸ்பர்க்

பிரான்ஸின் இந்த நகரத்தில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒன்றியத்தின் நீதிமன்றம் இல்லை. பிரிட்டன் இன்றும் அதற்குக் கட்டுப்பட்ட நாடு. ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கிறது.