கதைமாந்தருக்கு உயிர் கொடுப்பது எப்படி? முதல் கதை எழுதுபவர்களுக்கு

பெயர், வயது, உயரம், பிடித்த நிறம் என்று பட்டியல் போட்டுத்தான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். பட்டியல் நிரம்பும், ஆள் வரமாட்டார். அதை ஓரமாக வைத்துவிட்டு இப்படிச் செய்து பாருங்கள்.

1. என்ன வேண்டும்?

"நிம்மதி", "அன்பு" என்றெல்லாம் எழுதாதீர்கள். கிடைத்ததா இல்லையா என்று பளிச்சென்று தெரிகிற ஒன்றாக இருக்கட்டும். உதாரணத்துக்கு மாலதி. மருத்துவமனை வரவேற்பில் இரவுப் பணி. பகல் பணிக்கு மாற வேண்டும், அவ்வளவுதான்.

2. எது தடுக்கிறது?

வெளியே ஒரு தடை: பகலில் ஒரே ஓர் இடம், அதில் தோழி கீதா இருக்கிறாள். உள்ளே ஒரு தடை: மாலதிக்கு எதையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாது. என்னைக் கேட்டால் இரண்டாவதில்தான் கதை இருக்கிறது.

3. நெருக்குங்கள்

கீதா ஒரு நோயாளியின் ஃபைலை மாற்றி அனுப்பிவிடுகிறாள். அது மாலதிக்கு மட்டும் தெரியும். சொல்வதுதான் நியாயம், ஆனால் சொன்னால் பகல் பணியும் கிடைத்துவிடும். ஆக, நியாயமானதைச் செய்தாலும் எதற்காகச் செய்தோம் என்று அவளுக்கே சந்தேகம் வரும். நல்லவளா கெட்டவளா என்று வாசகரும் சட்டென்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த இடம் கிடைக்கும்வரை எழுத உட்காராதீர்கள்.

4. பேசவிடுங்கள்

"மாலதி குற்ற உணர்ச்சியில் தவித்தாள்" என்று எழுதினால் கதை அங்கேயே படுத்துவிடும். இதைப் பாருங்கள்:

"ராத்திரி ஏதாவது பிரச்சினையா?" என்றார் மேலாளர்.

"ஒண்ணுமில்ல சார்." பதிவேட்டோடு நூலால் கட்டியிருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தாள். "கீதா எப்ப வருவா?"

அப்புறம், பெயர்களை மறைத்துவிட்டு உரையாடலை மட்டும் படியுங்கள். யார் பேசுவது என்று பிரித்தறிய முடியாவிட்டால் எல்லாரும் உங்கள் குரலில்தான் பேசுகிறார்கள்.

5. பெயரும் தோற்றமும்

இவை கடைசியில் போதும். ஒரே கதையில் மாலதி, மாலினி, மாலா என்று வைக்காதீர்கள்.

6. துணைப் பாத்திரங்கள்

ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் பாத்திரங்களைத் தட்டையானவை, முழுமையானவை என்று பிரித்தார். நம்பும்படியாக நம்மை ஆச்சரியப்படுத்தினால் அது முழுமையான பாத்திரம். ஒரே ஒரு குணத்தோடு வந்து போனால் அது தட்டை. தட்டை என்பது குறையல்ல, அதற்கும் கதையில் வேலை உண்டு. நம் மேலாளர் கேள்வி கேட்டுவிட்டுப் போகட்டும். அவருக்கும் ஒரு சோகமான இளமைப்பருவம் எழுத ஆரம்பித்தால் சிறுகதை கைவிட்டுப் போய்விடும்.