மணற்காட்டில் பூவும் பறவையும் படம் பிடிக்கப் போகிறீர்களா?

பாலைவனத்தில் வசந்த காலத்துப் பூவையும் பறவையையும் படம் பிடிக்க எங்களுக்குப் பாலைவனம் ஏது என்று யோசிக்காதீர்கள், யாழ்ப்பாணத்து வடமராட்சியில், குடத்தனைக்கு அங்கால் மணற்காடு இருக்கிறது. மாரி மழை விட்டு மாசி, பங்குனி வரும்போது அந்த மணல் மேடுகளில் அடம்பன் கொடி ஓடிப் பூத்திருக்கும், வலசை வந்த பறவைகளும் முழுதாகப் புறப்பட்டிருக்காது. சித்திரைக்குத் தள்ளிப் போட்டால் பறவை குறைந்துவிடும்.

சூரியன் வரமுன் மணலில் நிற்க வேண்டும், யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிடுவதென்றால் நாலு மணிக்கே எழும்ப வேண்டும். அடம்பன் பூ காலையில் விரிந்து வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். மணல் சூடேறினால் கானல் வேறு அலையும், அப்போது எவ்வளவு காசு கொடுத்து வாங்கிய லென்ஸ் என்றாலும் தூரத்துப் பறவை கலங்கித்தான் விழும். முதல் தடவை நான் பத்து மணிக்குப் போய் இருநூறு படம் எடுத்தேன், ஒன்றும் தேறவில்லை.

அடுத்தது, மணல் கமராவை ஏமாற்றும். வெளிறிய மணல் படம் முழுக்க நிறைந்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று கமரா தானாகவே இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 அல்லது +1 கூட்டி வையுங்கள். போன் என்றால் திரையில் பூவைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுத்தால் போதும். கறுத்த தண்ணீரில் வெள்ளைக் கொக்கு நின்றால் கதை தலைகீழ், அங்கே குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகெல்லாம் வெறும் வெள்ளையாகிவிடும்.

பூவை நின்றபடி எடுக்காதீர்கள், படுங்கள். பழைய சாக்கு ஒன்றை விரித்து, கமரா பூவின் உயரத்துக்கு வரும்வரை இறங்கினால் பின்னால் மணல் வளைவும் கடலும் தானாக வந்து சேரும். படுக்கமுன் இராவணன் மீசை என்கிற முள்ளுப் புல் இருக்கிறதா என்று பாருங்கள், அதன் முனை சாக்கையும் தாண்டிக் குத்தும் (அனுபவம்!).

பறவைக்கும் அதே படுக்கைதான், துரத்தினால் முதுகுதான் கிடைக்கும். ஈர மணல் ஓரமாக அசையாமல் கிடந்தால் உப்புக்கொத்திகள் என்கிற சின்னக் கரைப் பறவைகள் இரை தேடியபடி தாங்களாகவே கிட்ட வரும். ஓடும், நிற்கும், பிறகும் ஓடும். நிற்கிற அந்த நொடியில் அழுத்துங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000. சின்னது என்று அலட்சியம் வேண்டாம், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் ஒரு உப்புக்கொத்தியைத் தனி இனம் என்று 2023இல்தான் பிரித்து அனுமன் பெயரை வைத்தார்கள். பறவை செட்டை முறிந்ததுபோல இழுத்து நடித்தால் முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். படத்தை விடுங்கள், வந்த காலடியிலேயே பார்த்துப் பார்த்துத் திரும்புங்கள்.

பூநாரைக்கு யாழ்ப்பாணக் கடல்நீரேரிப் பக்கம் போகலாம், ஆனால் 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும். அது இல்லையென்றால் கிட்டப் போக முயலாமல், பரந்த தண்ணீரில் ஒரு இளஞ்சிவப்புக் கோடாக எடுங்கள், எனக்கு அந்தப் படம்தான் பிடிக்கும். வாகனத்துக்குள் இருந்தபடியே எடுத்தால் பறவை அவ்வளவாக மிரளாது.

காற்றில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சாரத்தால் துடைக்கிற பழக்கத்தை விடுங்கள், முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளிவிட்டுத்தான் லென்ஸில் துணியை வைக்க வேண்டும்.