கிளஸ்டர் சங்கிலியை வைத்துக் கணக்குப் போடுவது எப்படி?

குவாண்டம் கணினி என்றதும் கேட்டுகளை (கியூபிட் எனும் குவாண்டம் பிட்டுகள்மீது செய்யும் செயல்களை) வரிசையாக அடுக்குவதுதான் நினைவுக்கு வரும். இன்னொரு வழியும் உண்டு. கிளஸ்டர் நிலை என்ற, பின்னிப்பிணைந்த ஒரு நிலையை முதலிலேயே தயாரித்துக்கொண்டு, கியூபிட்டுகளை ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போவது. ராசன்டார்ஃபும் பிரீகலும் 2001-ல் காட்டிய வழி இது. அந்த நிலை அச்சுப்பிசகாமல் அமையாவிட்டாலும், சரியான குவாண்டம் கட்டத்துக்குள் (phase, அதாவது ஒரே அடிப்படைக் குணமுள்ள நிலைகளின் தொகுதிக்குள்) இருந்தாலே வேலை நடக்கும் என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் லேப்டாப் வேண்டாம். தாளும் பென்சிலும் போதும். மூன்று கியூபிட்டுகள். முதலாவதில் உங்கள் தகவல், மற்ற இரண்டும் ப்ளஸ் நிலையில் (0-உம் 1-உம் சமமாகக் கலந்த நிலை). பக்கத்துப் பக்கத்து ஜோடிகளுக்கு CZ (இரண்டும் 1 என்றால் மட்டும் குறியை மாற்றும் கேட்டு) போடுங்கள். இப்போது முதல் இரண்டையும் X திசையில் அளங்கள். தகவல் மூன்றாவதற்கு வந்துசேரும்; முதல் விடை 1 என்றால் ஒரு Z-உம் (1-இன் குறியை மாற்றுவது), இரண்டாவது விடை 1 என்றால் ஒரு X-உம் (0-ஐயும் 1-ஐயும் புரட்டுவது) கூடவே ஒட்டிக்கொண்டு வரும். கையால் போட்டுப் பார்த்தால்தான் இது மனதில் நிற்கும்.

X திசைக்குப் பதில் ஒரு கோணத்தில் அளந்தால் தகவல் சுழலும். முந்தைய கியூபிட்டில் 1 வந்திருந்தால் அடுத்த கோணத்தின் குறியை மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டு மூன்று நாள் என் நிரலில் பிழை தேடியிருக்கிறேன். பாதி விடைகள் சரி, பாதி தப்பு என்று வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

சரி, இனி நம்பை (NumPy, பைத்தானின் கணக்குத் தொகுப்பு). 10 கியூபிட்டுகளை வளையமாக வையுங்கள். 1024-க்கு 1024 அணி, சாதாரண லேப்டாப்பே தாங்கும். ஆற்றலைத் தரும் அந்த அணியில் ஒவ்வோர் இடத்துக்கும் −ZXZ (அந்த இடத்தில் X, இரு பக்கத்திலும் Z), அதோடு −hX (h என்பது X புலத்தின் வலிமை). மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையை எடுத்து, Z₁X₂X₄Z₅ என்ற சரத்தின் (எண்ணிட்ட இடங்களின் Z, X-களின் பெருக்கல்) சராசரியைப் பாருங்கள்; கட்டத்துக்குள் இருக்கிறோமா என்று இது காட்டும். h சுழி என்றால் சரியாக 1. h-ஐ 0.3 ஆக்குங்கள். கிளஸ்டர் நிலை கெட்டுவிட்டது, ஆனாலும் சரம் 0.9-க்கு மேலேயே நிற்கும். h = 2-இல் சரிந்துவிடும். நீண்ட சங்கிலியில் கட்டத்தின் எல்லை h = 1; சின்ன வளையத்தில் அது கூர்மையாகத் தெரியாது.

காப்பாற்றுவது எது? இரட்டைப்படை இடங்களை மட்டும் X-ஆல் புரட்டினாலும், ஒற்றைப்படை இடங்களை மட்டும் புரட்டினாலும் ஆற்றல் மாறாது என்ற சமச்சீர். Z புலம் சேர்த்தால் அது உடையும், பாதுகாப்பும் போய்விடும்.

அப்புறம், நான் அதிகம் அழுத்திச் சொல்வது இதைத்தான். கட்டத்துக்குள் தகவலைக் கடத்துவது தானாகவே பாதுகாப்பானது (எல்ஸும் உடன் ஆய்வாளர்களும், 2012). சுழற்சி அப்படி இல்லை. நீங்கள் கேட்ட கோணம் கொஞ்சம் சுருங்கும், தகவலும் கொஞ்சம் மங்கும். சுருக்கத்தை முன்கூட்டியே அளந்து ஈடுகட்டலாம். மங்கல் கோணத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 90 பாகையை ஒரே வீச்சில் சுழற்றாதீர்கள். 9 பாகையாகப் பத்து தடவை சுழற்றினால் மொத்த மங்கல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இரண்டு சுழற்சிகளுக்கு நடுவே, தொடர்புநீளத்தைவிட (ஓர் இடத்தின் தாக்கம் எட்டும் தூரம்) அதிக தூரம் வெறுமனே X-இல் அளந்துகொண்டே போங்கள்.

இதற்குப் பத்து கியூபிட் வளையம் போதாது. அப்போது அணிப்பெருக்க நிலைகளுக்கு (matrix product states, நிலையைச் சின்ன அணிகளின் பெருக்கலாக எழுதும் முறை) மாறிவிடுங்கள். சில நூறு கியூபிட் சங்கிலிகூட அதில் சுலபமாக ஓடும்.