தோட்டத்து சிங்க்: காந்தத்தை நம்ப வேண்டாம்

பெங்களூர் அல்சூர் வீட்டில் செடித்தொட்டிக்கு மண் கலக்கும் மூலையில், முன்பு குடியிருந்தவர்கள் வைத்த சிங்க் ஓரமெல்லாம் துருவேறிக் கிடந்தது. புதிது வாங்கப் போனால், "காந்தம் ஒட்டலையா? அப்போ நல்ல எவர்சில்வர்" என்கிறார் கடைக்காரர். எவர்சில்வரில் 202, 304, 316 என்று எண்ணிட்ட ரகங்கள் உண்டு; மலிவான 202 ரகத்திலும்தான் காந்தம் ஒட்டாது! அதில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால், 202-இல் அந்த இடம் சிவந்துவிடும். அப்படிப் பார்த்து 304 வாங்கினேன். குரோமியம் சுமார் 18, நிக்கல் 8 சதவீதம். கடலோர மும்பை, சென்னை என்றால், உப்புக்காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 யோசிக்கலாம். பெங்களூருக்கு அது வீண் செலவு.

அப்புறம் குழாய். வெயில் படும் சிபிவிசி (ஒரு வகை பிளாஸ்டிக்) குழாய் நாளடைவில் நொறுங்கும், அதனால் மேலே எமல்ஷன் பெயின்ட் அடித்தேன். வடிகுழாயின் கீழே ஒரு வாளி: மண் அடியில் தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் வாழைக்கு. போர்வெல் உப்புக்கறையை வினிகர் துணி பார்த்துக்கொள்கிறது.