ஒருவர் கையில் ஒரு புத்தகம்: பிடித்ததை அடுத்தவருக்குப் பரிந்துரைப்பது எப்படி?

"படிக்கறதுக்கு நல்லதா ஒரு பொஸ்தகம் சொல்லுங்க" என்று கேட்டு வருகிறவரிடம் நாம் செய்கிற முதல் தப்பு, உடனே பதில் சொல்வது. மூச்சு விடாமல் பத்துப் பெயர் சொல்கிறோம், அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார், போனில் குறித்துக்கொள்ளவும் செய்கிறார், அப்புறம் அந்தப் பத்தில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். தறி ஓட்டுகிறவர், மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர், ரெண்டு டீச்சர்கள், தோட்டத்து வேலையை முடித்துவிட்டு வருகிற ஒரு அக்கா, கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லாரும் வருவார்கள். ஆளுக்கொரு ருசி. இத்தனை பேருக்குப் புத்தகம் சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நிறையப் படித்தவருக்கு எடுத்துச் சொல்லவும் தானாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள், அது தனி வேலை, பழகினால்தான் வரும்.

படி 1: முதலில் கேளுங்கள்

மூன்று கேள்வி போதும். "கடைசியா எதைப் பாதியில விட மனசு வரலை?" என்பது முதல் கேள்வி. அது புத்தகமாக இருக்க வேண்டும் என்றில்லை, சினிமா, சீரியல், யூடியூபில் பார்த்த வழக்கு விவரம், அமுச்சி (பாட்டி) சொன்ன பேய்க்கதை, எதுவானாலும் சரி. ஒருவர் எதைப் படித்தார் என்பதைவிட எதில் கட்டுண்டு உட்கார்ந்தார் என்பது நமக்கு அதிகம் சொல்லும். ரெண்டாவது, எப்போது, எங்கே உட்கார்ந்து படிப்பார் என்பது. கோபியிலிருந்து ஈரோட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவருக்கு ஒரு கையில் பிடிக்கிற புத்தகம் வேண்டும். எழுநூறு பக்கக் கெட்டி அட்டையை நின்றுகொண்டு படிக்க முடியாது. அறுபது தாண்டியவர் என்றால் எழுத்தின் அளவைப் பாருங்கள். பொடி எழுத்தில் அச்சடித்த மலிவுப் பதிப்பைக் கொடுத்துவிட்டு அவர் படிக்கவில்லையே என்று வருத்தப்பட்டால் எப்படி?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "இப்ப எது வேண்டாம்?" என்று கேளுங்கள்.

இதை நான் கேட்காமல் விட்ட கதையைச் சொல்கிறேன். எங்கள் கூட்டத்துக்கு வரும் அந்தத் தோட்டத்து அக்கா குடும்பக் கதைகளை உருகிப் படிப்பார். அவருக்கு தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' கொடுத்தேன். 2023-இல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய நாவல், நம்ம பக்கத்துக் குடிநாவிதர் குடும்பத்தின் கதை, உறவுகள் எல்லாம் கூடி அழுது பேசித் தீர்க்கிற கதை. ஆனால் அது காரு மாமாவின் சாவிலிருந்து விரிகிறது. அக்காவின் அய்யன் (அப்பா) தவறி நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை, எனக்கு அது தெரியும், தெரிந்தும் யோசிக்கவில்லை. மூணாம் நாள் புத்தகத்துக்கு நியூஸ்பேப்பரில் அழகாக அட்டை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு, இப்ப வேண்டாம்" என்றார். அந்த "இப்ப" என்ற சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் யாருக்கும் புத்தகம் கொடுப்பதில்லை.

படி 2: உங்களுக்கென்று ஒரு நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். படித்த புத்தகங்களின் பெயரை வரிசையாக எழுதினால் அது வெறும் கணக்கு. பரிந்துரைக்க உதவுகிற மாதிரி எழுத வேண்டும். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது:

"யானை டாக்டர். ஜெயமோகன். 'அறம்' தொகுப்பில் உள்ளது. ஒரே மூச்சில் முடிக்கலாம். ஆனைமலைக் காட்டில் டாப்ஸ்லிப்பில் இருந்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது, நிஜ மனிதர். புழு வருகிற இடத்தில் முகம் சுளிப்பார்கள், முன்னாடியே சொல்லிவிட வேண்டும். காலேஜ் தம்பி: ரெண்டு தடவை படித்தான். பெரிய டீச்சர்: அழுதார். மண்டி அண்ணன்: நாலாம் பக்கத்தில் நிறுத்திவிட்டார்."

கடைசி மூன்று வரிகள்தான் விலைமதிப்பில்லாதவை. ஒரு புத்தகம் யாரிடம் போய் என்ன ஆனது என்று எழுதி வைத்தால், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார், அதில் ரெண்டு இவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதனுடைய வாசகர். உலகம் முழுக்க நூலகர்கள் படிக்கிற பாடம் அது. மண்டி அண்ணன் நாலாம் பக்கத்தில் நிறுத்தினார் என்றால் புத்தகத்திலும் குறையில்லை, அவரிடமும் குறையில்லை, நான்தான் சேர்த்து வைத்ததில் பிசகிவிட்டேன்.

படி 3: ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போடுங்கள்

எல்லாருக்கும் கஷ்டமாக இருப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துப்பறியும் கதை, சரித்திரம், குடும்பம், கவிதை என்று அலமாரி பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் வாசகர் தேடுவது அலமாரியை இல்லை. அவர் தேடுவது ஓர் உணர்ச்சியை. அந்த உணர்ச்சி எது என்று கண்டுபிடித்துவிட்டால் எந்த அலமாரியிலிருந்தும் எடுத்துக் கொடுக்கலாம்.

எங்கள் தறி அண்ணன் பாக்கெட் நாவலில் ஊறியவர். நம்ம கோயமுத்தூர் ராஜேஷ்குமார் 1500-க்கும் மேல் நாவல் எழுதியிருக்கிறார், அண்ணன் அதில் பாதியாவது படித்திருப்பார் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்டவரிடம் "அதெல்லாம் போதும், இனி இலக்கியம் படிங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். அது அவர் இத்தனை வருஷம் சந்தோஷப்பட்டதை அவமதிக்கிற பேச்சு. அவருக்கு முதலில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கொடுத்தேன். துப்பறிகிற வக்கீல்கள் கணேஷ், வசந்த் ரெண்டு பேரும் வருவார்கள், நடப்பது ஆவியின் வேலையா விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுக்கும். அவருக்குப் பழக்கமான பாதைதான், கொஞ்சம் வளைவு அதிகம். அதற்கு அடுத்துக் கொடுத்தது ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942-இல் வந்த நாவல், தமிழில் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று சொல்வார்கள், ஆனால் அந்தப் பெருமையை எல்லாம் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. "நெலத்துல பங்கு கேக்கறா ஒருத்தி, என்ன ஆகுமோன்னு பதைக்குமுங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு வேண்டியது அந்தப் பதைப்பு. கொங்கு நாட்டில் சொத்துத் தகராறைவிடப் பெரிய திகில் கதை என்ன இருக்கிறது? ரெண்டு ராத்திரியில் முடித்துவிட்டு வந்தார்.

சரித்திரக் கதை பிடிக்கும் என்கிறவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் படித்தவர் என்றால், அரண்மனைச் சதி பிடித்ததா, வந்தியத்தேவன் குதிரையில் போகிற வழியெல்லாம் பார்க்கிற ஊரும் ஆறும் மனிதர்களும் பிடித்ததா? சதி என்றால் வேறு சரித்திர நாவலே கொடுக்கலாம். வழியும் மனிதரும் பிடித்தது என்று சொன்னால் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' கொடுங்கள். ராஜாவும் ராணியும் இல்லாமல், பிழைக்க இடம் தேடி வந்த ஜனங்கள் கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்கிய சரித்திரம் அது, 1976-இல் வந்தது.

"கதையே வேண்டாம், நிஜமா நடந்தது வேணும்" என்கிற இளவட்டங்களுக்கு நான் 'யானை டாக்டர்'தான் கொடுப்பேன். வால்பாறைக்கும் டாப்ஸ்லிப்புக்கும் பைக்கில் சுற்றுகிற பையன்களுக்கு அந்தக் காடு தெரிந்த காடு. தூக்கிப் போட்ட பீர் பாட்டில் யானையின் காலில் ஏறி என்ன செய்யும் என்று படித்தபின் அவர்கள் அடுத்த தடவை போகிற விதமே வேறு.

கவிதைக்குப் பாலம் எல்லாம் வேண்டாம், ஒன்றை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஆத்துப் பொள்ளாச்சிக்காரரான சிற்பியின் 'ஒரு கிராமத்து நதி' தொகுப்பை நான் அப்படித்தான் பலருக்குக் கொடுத்தேன்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். தகழியின் 'தோட்டியின் மகன்' சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில் வாசித்தால் மலையாளத்திலிருந்து வந்தது என்பதே மறந்துபோகும். 'குட்டி இளவரச'னை ஸ்ரீராமும் மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லா மொழிபெயர்ப்பும் இப்படி இருக்காது. கடையிலேயே நடுவில் ஒரு பக்கம் திறந்து, ரெண்டு பேர் பேசிக்கொள்கிற இடமாகப் பார்த்து, முணுமுணுத்துப் படியுங்கள். நாக்கு தடுக்கினால் வைத்துவிடுங்கள்.

நம்ம பேச்சு அச்சில் வருகிற புத்தகங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் வருகிற ஆட்டுக்காரப் பையன்களின் பக்கங்கள் சிலவற்றை என் அமுச்சிக்கு ஒருநாள் பொழுதோட திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். எழுத்தறியாதவர், சின்னதில் ஆடு மேய்த்தவர். கொஞ்ச நேரம் சும்மா கேட்டார், அப்புறம் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தான் மேய்த்த ஆடுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கருவாச்சி, சுட்டி, நொண்டிக்குட்டி. அறுபது வருஷத்துக்கு முந்தைய ஆடுகள். படிக்கத் தெரியாதவருக்கும் புத்தகம் பரிந்துரைக்கலாம், நாம் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். வெளியூர் நண்பர்களுக்கு இந்தப் பேச்சு புரியாமல் தட்டினால், அதே பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' இருக்கிறது, ரெண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

படி 4: மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள்

யாருக்கு என்ன ஆகிறது, படிக்கும்போது எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் பிடிக்கும். 'நாகம்மா'ளுக்கு நான் சொல்வது: "புருஷனை இழந்த ஒருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். கேட்டதிலிருந்து எல்லாரும் அவளைப் பார்க்கிற பார்வை மாறுவது நமக்கே உறைக்கும். சின்னப் புத்தகம், ரெண்டு ராத்திரி போதும்."

"காலத்தால் அழியாத காவியம்", "ஒவ்வொரு தமிழரும் படிக்க வேண்டியது" என்று ஆரம்பித்தால் கேட்கிறவருக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும். முடிவைச் சொல்லாதீர்கள். சாவு, அடிதடி, குழந்தைக்குத் துன்பம் மாதிரி ஏதாவது இருந்தால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கதை கெட்டுப்போகாது. முதல் அத்தியாயம் மெதுவாகப் போகும் என்றால் அதையும் சொல்லுங்கள், பொறுத்துப் படிப்பார்கள்.

படி 5: ஒன்றே ஒன்று, கையோடு

பட்டியல் வேண்டாம். ஒரு புத்தகத்தை எடுத்து நேராகக் கையில் கொடுங்கள். உங்களிடம் இல்லை என்றால் நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் போகிறது, அந்தப் பணத்தில் வந்த புத்தகங்கள் அவை. ஈரோட்டில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கு ஒரு புது வாசகரைக் கூட்டிப் போவதானால் அரங்கு அரங்காக இழுத்துக்கொண்டு அலையாதீர்கள், அவர் தானாக நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

இரவல் கொடுத்தால் பெயரும் தேதியும் நோட்டில் எழுதுங்கள், அவர் முன்னாலேயே எழுதுங்கள்.

படி 6: காத்திருங்கள்

"படிச்சாச்சா?" என்று போனில் கேட்காதீர்கள். கேட்டால் புத்தகம் கடன் ஆகிவிடும், கடன்காரரைக் கண்டால் யாரும் ஒதுங்கித்தான் போவார்கள். மாசம் ஒன்று கழியட்டும், பார்க்கும்போது "எந்த இடத்துல இருக்கறீங்க?" என்று கேளுங்கள். நிறுத்திவிட்டேன் என்றால் எந்த இடத்தில் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். மண்டி அண்ணன் புழுவுக்குப் பயந்து நிறுத்தவில்லை, காடு வர்ணனை அவருக்கு ஒட்டவில்லை, ஆள்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. அது தெரிந்த பிறகு எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'யைக் கொடுத்தேன். திருப்பூர் பனியன் கம்பெனி உலகத்தில் வளர்கிற நண்பர்களின் கதை, பெரிய நாவல்தான், மூணு மாசம் வைத்திருந்து முழுசாக முடித்தார்.

தோட்டத்து அக்கா, அவர் அய்யனுக்கு வருஷத் திதி முடிந்த அடுத்த வாரம் வந்து, "அந்தக் காரு மாமா பொஸ்தகம் இருக்குதா?" என்று தானாகவே கேட்டார். அதே நியூஸ்பேப்பர் அட்டையோடு எடுத்துக் கொடுத்தேன்.

படி 7: நீங்களும் வாங்கிப் படியுங்கள்

கொடுத்துக்கொண்டே இருக்கிறவரிடம் ஜனங்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். தறி அண்ணன் தனக்கு ரொம்பப் பிடித்தது என்று ஒரு ராஜேஷ்குமார் நாவலை எனக்குக் கொடுத்தார். ஈரோடு போகிற பஸ்ஸில் ஆரம்பித்து வருகிற பஸ்ஸில் முடித்தேன். எந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றது என்று அடுத்த கூட்டத்தில் சொன்னேன். "அதே எடந்தானுங்க எனக்கும்" என்று எழுந்து நின்றுவிட்டார். அன்றைக்குப் போகும்போதுதான், "அந்த ஆட்டுக்காரப் பசங்க கதைன்னு சொன்னீங்கல்ல, அதைக் குடுங்க பாக்கலாம்" என்று கேட்டு வாங்கிப் போனார்.